தொரை அணைச்ச கற்பூரம்

வத்தேகம லெட்சுமணன் செத்துப் போயிட்டாருன்னு எனக்குத் தெரிய வந்தப்ப கருமாதியே முடிஞ்சிருந்திச்சு. கண்டி மார்க்கெட்டுல வெத்தலை வாங்கிட்டு நிக்கிறேன், வெத்தலைக்காரன் சும்மா பேச்சு வாக்கில சொல்றான். "அட, அந்த ரயில்வே கேங்கில இருந்த ஆளு, உங்களுக்குக் கூடத் தெரியுமே" என்கிறான். எனக்கு வந்த கோவத்துக்கு வெத்தலையை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன். அவன் மேல என்ன கோவம், பாவம். கோவமெல்லாம் என் மேலதான்.

நான் சேதுராமன். கண்டியில தொழில் கந்தோர்ல, அதான் அரசாங்கத் தொழிலாளர் ஆபீசுல, முப்பத்தோரு வருசம் டைப் அடிச்சேன். டைப் அடிக்கிறதோட மொழிபெயர்ப்பும் என் தலையில. தொழிலாளி தமிழ்ல சொல்றதை இங்கிலீசுல சொல்லணும், சிங்களத்துல சொல்லணும், அவங்க சொல்றதைத் தமிழ்ல சொல்லணும். மூணு பாசையும் நல்லா வரும்னு எனக்கு அப்ப ஒரு திமிர் இருந்திச்சு. நம்ம அப்பா டவுன்ல கடை வச்சிருந்தவர். தோட்டத்து ஆளுங்களைப் பார்த்தா நமக்கு ஒரு படி கீழன்னு நினைக்கிற வீடு எங்க வீடு. அதையும் சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லணும்.

லெட்சுமணன் வத்தேகமைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல பிறந்தவர். பதினெட்டு வயசுல கணக்கப்பிள்ளையோட ஏதோ வாய்த்தகராறு. மறுநாள் மலையை விட்டு இறங்கி, மாத்தளை லைன்ல சிலிப்பர் கட்டை மாத்திக்கிட்டிருந்த கேங்குகிட்டப் போயி நின்னிருக்கார். ஆள் பத்தாம இருந்த நேரம், சேர்த்துக்கிட்டாங்க. அன்னையில இருந்து தண்டவாளந்தான் அவருக்கு எல்லாம். அவரோட அப்பா ஒரு தகர டின்னுல, இங்கதான் பிறந்து வளர்ந்தோம்னு காட்டுற பழைய துண்டுக் காகிதம் ஒண்ணு விடாம சேர்த்து வச்சிருந்ததால இவருக்குப் பிரஜாவுரிமை கிடைச்சிடுச்சு. தோட்டத்துல எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை இருந்திச்சு, சொல்லுங்க.

அவருக்கு ஒரே தங்கச்சி, ராக்கம்மா. தாயில்லாத பிள்ளை, இவர்தான் வளர்த்தார். அவளைக் கட்டின மாப்பிள்ளை வீரையா. தோட்டத்துல தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கிட்டிருந்த அந்த மனுசனை, "வா மச்சான், கோச்சி ரோட்டுக்கு வா, மழையில அட்டைக்கடி வாங்கிக்கிட்டுக் கிடக்காத"ன்னு சொல்லி இவர்தான் கூட்டிட்டு வந்து ரயில்வே கேங்கில சேர்த்தார். தோட்டத்து ஆள் பதிவுல இருந்து வீரையாவோட பேரை வெட்டிட்டாங்க. ஒரு தடவை பேர் வெட்டினா வெட்டினதுதான், திரும்ப எடுக்க மாட்டாங்க. வீரையாவுக்குப் பிரஜாவுரிமையும் இல்ல. இலங்கைப் பிரஜாவுரிமைக்குத்தான் மனுப் போட்டிருந்தான், பதில் வரல. ரயில்வே லயத்து வரிசை வீட்டுல ஒத்தை அறைக் காம்பிரா, கேங்குல ஒரு பேர், இந்த ரெண்டுந்தான் அவனுக்கும் ராக்கம்மாவுக்கும் மூணு பிள்ளைங்களுக்கும் இந்த நாட்டுல இருந்த பிடி. பிரஜாவுரிமை இல்லாதவங்களை ரெண்டு அரசாங்கமும் பேசி இந்தியாவுக்கு அனுப்பிக்கிட்டிருந்த காலம். அந்தப் பேரும் போச்சுன்னா இந்தியாவுக்குக் கப்பலேறுறதைத் தவிர வழியில்ல. இது லெட்சுமணனுக்கு நல்லாத் தெரியும்.

பதினோரு பேர் அந்தக் கேங்குல. லெட்சுமணன் அதுக்குக் கங்காணி மாதிரி. விடிஞ்சதும் ஒருத்தர் சம்மட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு லைன் நெடுக நடந்து, தண்டவாளத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கிற சாவிக் கட்டைங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு வரணும். அதுக்கப்புறந்தான் கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற ஜனத்தை ஏத்திக்கிட்டுக் காலைக் கோச்சி, காலை ரயில், முழு வேகத்துல கண்டிக்கு வரும். யார் நடந்தது, யார் நடக்காம ஏமாத்தினதுன்னு தகராறு வரும். லெட்சுமணன் பேப்பர் பேனா ஒண்ணும் தேட மாட்டார். லைன் ஓரத்துல முனியாண்டி கல் ஒண்ணு இருந்திச்சு. அது மேல கற்பூரம் ஏத்துவார். "நடந்தேன்னு சொல்றியா, அணை" என்பார். உள்ளங்கையால அந்த நெருப்பை அடிச்சு அணைக்கணும். அணைச்சவன் சொல் தவறினா அது அவனை விடாது, பிள்ளைகுட்டியையும் விடாதுன்னு நம்பிக்கை. பொய் சொன்னவன் எவனும் கையை நீட்டினதில்ல. பதினஞ்சு வருசத்துத் தகராறை அவர் இப்படித்தான் தீர்த்து வச்சார். அந்தப் பழக்கந்தான் அவரைக் கவுத்திடுச்சு.

எழுபதாம் வருசம். அந்தப் பதினோரு பேரும் வருசக் கணக்கா தற்காலிகத் தொழிலாளிங்க. நிரந்தரமாக்குங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி, ஒருநாள் சம்மட்டியைக் கீழ வச்சுட்டாங்க. காலையில லைன் பார்த்து நடக்க ஆளில்ல. டிரைவர் பயந்து பயந்து ஊர்ந்துதான் கோச்சியைக் கொண்டு வரணும். வத்தேகமையில இருந்து வர்ற எங்க பெரிய கிளாக்கர் பத்தரைக்குக் கந்தோருக்குள்ள நுழைஞ்சு, வந்த வேகத்துல என் மேல பாய்வார், நான்தான் லைனைக் கழட்டின மாதிரி. டவுன் முழுக்க இவங்களுக்கு ஏச்சு. பன்னிரண்டாம் நாள் பேச்சுவார்த்தைக்கு எங்க கந்தோருக்கு வந்தாங்க.

மேசைக்கு இந்தப் பக்கம் எங்க அதிகாரி, எங்களுக்கு சேர், தொழிலாளிங்களுக்குத் தொரை. அந்தப் பக்கம் ரயில்வேயில இருந்து வந்த இன்ஸ்பெக்டர். நடுவுல லெட்சுமணன், கதிரையைக் காட்டியும் உட்கார மாட்டேன்னு நின்னார். மிச்சப் பேர் கீழ வாசல்ல. எங்க சேர் நல்ல மனுசன். சத்தியமாச் சொல்றேன், நல்ல மனுசன். இங்கிலீசுலதான் அவருக்கு வாய் வரும், கோவிக்கத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துல பத்துப் பேரை நிரந்தரமாக்குறதா இன்ஸ்பெக்டரைச் சம்மதிக்க வச்சுட்டார். பதினோராவது ஆள் வீரையா. பிரஜாவுரிமை இல்லாதவனை நிரந்தரமாக்கச் சட்டமில்லன்னாங்க.

"நிரந்தரம் வேணாங்க"ன்னார் லெட்சுமணன். "அவன் தற்காலிகமாவே இருக்கட்டும். அவன் மனுவுக்குப் பதில் வர்ற வரைக்கும் பேரை மட்டும் வெட்டாதீங்க. அது ஒண்ணு போதும்."

நான் அதை இங்கிலீசுல சொன்னேன். இன்ஸ்பெக்டர் தன் கையில இல்லன்னு தலையை ஆட்டினார். எங்க சேர், மேலிடத்துல நான் பேசிப் பார்க்கிறேன்னு சொன்னார். பேசிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நான் அதையும் அப்படியே தமிழ்ல சொன்னேன். அதுவரைக்கும் நான் ஒரு தப்பும் பண்ணல.

லெட்சுமணன் சட்டைப் பையில கையை விட்டார். காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்திருப்பார் போல, காகிதத்துல மடிச்ச கற்பூரம். மேசையில இருந்த சாம்பல் தட்டைத் தன் பக்கமா இழுத்து, அதுல வச்சு, தீப்பெட்டியை உரசிப் பத்த வச்சுட்டார். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள. பக்கத்துல அடுக்கடுக்கா ஃபைல். "தொரை, சொன்னதை இதுல அணைச்சுக் கொடுங்க"ன்னு சொல்லிட்டு, இதை அவருக்குச் சொல்லுங்கன்னு என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள எங்க சேர் பதறிப் போயி, எழும்பி, உள்ளங்கையால ஒரே அடி. நெருப்பு அணைஞ்சு போச்சு. கையை ஊதிக்கிட்டே என்னைப் பார்த்துச் சிரிச்சார். "இவங்க பூசை முடிஞ்சுதா, கந்தோரை எரிச்சிடப் போறாங்க"ன்னு இங்கிலீசுல சொன்னார். இன்ஸ்பெக்டரும் சிரிச்சார்.

லெட்சுமணன் ரெண்டு கையையும் கூப்பினார். அந்த மூஞ்சியை நான் எப்படிச் சொல்ல. பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்த மூஞ்சி, அப்படியே தெளிஞ்சு போச்சு. கண்ணுல தண்ணி. தன் தங்கச்சி குடும்பம் பிழைச்சுதுன்னு அந்த நிமிசம் முடிவு பண்ணிட்டார்.

நான் சொல்லியிருக்கணும். "அண்ணே, அவர் சத்தியம் பண்ணல, ஃபைல் பத்திக்குமேன்னு அணைச்சார், நீங்க கேட்டதை நான் இன்னும் அவர்கிட்டச் சொல்லவே இல்ல"ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துச்சு. சொல்லல. பேச்சுவார்த்தை குழம்பிடும்னு பயம். அரசாங்க மேசையில நெருப்பு வச்சுச் சத்தியம் கேட்டான்னு தெரிஞ்சா சேர் என்ன நினைப்பாரோன்னு பயம். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வச்சிருக்கார், மத்தியானக் கோச்சிக்குப் போகணும்னு அவசரப்படுறார். எப்படியும் சேர் நல்லவர், பேசத்தானே போறார்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

ஒண்ணு மட்டும் செஞ்சேன். ஒப்பந்தத்தை டைப் அடிக்கப் போறப்ப லெட்சுமணன் பக்கமாக் குனிஞ்சு, "அண்ணே, வீரையா விசயத்தையும் ஒரு வரி போடச் சொல்லிக் கேப்போமா"ன்னு கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். "என்னங்க ஐயா, படிச்சவர் நீங்களே இப்படிக் கேக்குறீங்க. கற்பூரம் அணைச்ச மனுசன்கிட்டப் போயி எழுத்துக் கேட்டா, அவர் சொல்லை நம்பலன்னு ஆயிடாதா. அவரை அவமானப்படுத்தவா"ன்னார்.

சரின்னு விட்டுட்டேன். உண்மையைச் சொன்னா, அப்பாடான்னு இருந்திச்சு. பத்துப் பேர் பேரை அடிச்சேன், ஒவ்வொருத்தரா மேல வந்து கையெழுத்துப் போட்டாங்க, சிலர் பெருவிரல் வச்சாங்க. வீரையாவும் மேல வந்து, கையெழுத்துப் போட ஒண்ணுமில்லாம, எங்க சேரைக் கும்பிட்டுட்டுப் போனான். மறுநாள் காலையில கோச்சி நேரத்துக்கு வந்துச்சு. பெரிய கிளாக்கர் சிரிச்ச முகத்தோட எட்டரைக்கே வந்து உட்கார்ந்தார்.

சேர் மறக்கல, அதையும் சொல்லணும். ஒரு தடவை போன் போடச் சொன்னார். அந்தப் பக்கம் ஆள் இல்ல. பிறகு பார்ப்போம்னார். மூணு மாசத்துல அவரைத் தெற்கே காலி ஊருக்கு மாத்திட்டாங்க. போற அன்னைக்குப் பூமாலை போட்டோம், கேக் வெட்டினோம். நான் ஞாபகப்படுத்தியிருக்கலாம். கேக் தின்னுக்கிட்டிருந்தேன்.

அடுத்த வருசம் வீரையாவோட பேர் போச்சு. நிரந்தரமானவங்க போக மிச்சத் தற்காலிகப் பேர் தேவையில்லன்னு ஒரு கடிதம். லயத்துக் காம்பிராவை ஒரு மாசத்துல காலி பண்ணணும். லெட்சுமணன் பதறல. நேரா எங்க கந்தோருக்கு வந்தார், சட்டையெல்லாம் தோய்ச்சுப் போட்டுக்கிட்டு. "தொரை வாக்குக் கொடுத்திருக்காருங்க, அதைச் சொன்னாப் போதும்"ன்னார் வாசல்ல என்கிட்ட. நான் உள்ள கூட்டிட்டுப் போனேன்.

புதுசா வந்த சேர் சிங்களத்துலதான் பேசுவார். ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். வீரையான்னு ஒரு பேர் எங்கேயுமில்ல. "அப்படி வாக்குக் கொடுத்தாரா"ன்னு கேட்டார்.

"கற்பூரம் அணைச்சுக் கொடுத்தாருங்க"ன்னார் லெட்சுமணன், சிங்களத்துலயே. லைன்ல இருந்து கத்துக்கிட்ட சிங்களம். "இந்தா, சேதுராமன் ஐயா கூட நின்னார். அவரைக் கேளுங்க."

புது சேர் என்னைப் பார்த்தார். என்ன சொல்லுவேன். ஆமான்னு சொல்லியிருந்தா? சொல்லியிருந்தா ஒருவேளை காலிக்கு ஒரு கடிதம் போயிருக்கும், பழைய சேர் என்ன பதில் எழுதியிருப்பாரோ, தெரியாது. அங்க வந்து எனக்கு எங்க இருந்தோ ஒரு நேர்மை முளைச்சுது பாருங்க. தேவைப்பட்ட நேரத்துல வராத நேர்மை. அந்த சேர் நெருப்பை அணைச்சது ஃபைலுக்குப் பயந்து, சத்தியம்னு அவருக்குத் தெரியாது, நான் அதை அவருக்கு மொழிபெயர்க்கவே இல்லன்னு சிங்களத்துல ஒண்ணு விடாம ஒப்பிச்சேன்.

லெட்சுமணனுக்கு எல்லாம் விளங்கிடுச்சு. தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கிட்டார். புது சேர், எழுத்துல இல்லாததுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லி ஃபைலை மூடினார்.

படியில நான் பின்னாலயே ஓடினேன். ஏசுவார், அறைவார்னு நினைச்சேன். அறைஞ்சிருந்தா இன்னைக்கு நான் நிம்மதியா இருந்திருப்பேன். அவர் நடுப்படியில நின்னு, "ஐயா, இதை வீரையாகிட்டயும் ராக்கம்மாகிட்டயும் சொல்லிடாதீங்க"ன்னார். "தொரை வாக்கு மாறிட்டாருன்னே நினைச்சுப் போகட்டும். யாரும் வாக்கே கொடுக்கல, அண்ணன்தான் ஏமாந்தான், எழுதித் தரட்டுமான்னு கேட்டவர்கிட்டயும் வேணாம்னான்னு தெரிஞ்சா, அவ அதையும் சுமந்துக்கிட்டுல்ல போவா." நான் தலையை ஆட்டினேன். வேற என்ன ஆட்ட.

எழுபத்திரண்டுல வீரையா குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டுச்சு. நான் கந்தோருக்கு லீவு போட்டுட்டு வத்தேகம ஸ்டேஷனுக்குப் போனேன். அதே காலைக் கோச்சி. கந்தோருக்குப் போற ஆளுங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, நடுவுல ஒரு தகரப் பெட்டி, ரெண்டு பாய், தலையணை மூட்டை, மூணு பிள்ளைங்க. கண்டியில மாறி, கப்பலுக்குத் தலைமன்னார் போகணும். அன்னைக்கு லைன் பார்க்க நடக்கிற முறை வேற ஆளுக்கு. லெட்சுமணன் கேட்டு வாங்கி, விடியற்காலையில தானே நடந்து, ஒவ்வொரு சாவிக் கட்டையும் தட்டிப் பார்த்துட்டு வந்து நின்னார், முழங்கால் வரைக்கும் பனி ஈரம்.

ராக்கம்மா அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "நீ என்னண்ணே செய்வ. சத்தியம் பண்ணின மனுசனே மாறிட்டார்"ன்னா. அவர் அவ தலையைத் தடவிக்கிட்டே நின்னார். வீரையா என்னைப் பார்த்துட்டான். கூட்டத்தை விலக்கிக்கிட்டு என்கிட்ட வந்து கும்பிட்டான். "நீங்க எங்களுக்காக எவ்வளவோ பேசினீங்க ஐயா. மச்சான் சொன்னாரு"ன்னான். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கிட்டேன். கோச்சி நேரத்துக்குக் கிளம்பிடுச்சு, ஒரு நிமிசம் கூடப் பிந்தல. அது போயி முடியற வரைக்கும் லெட்சுமணன் நின்னுட்டு, சம்மட்டியை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனார்.

ரெண்டு வருசம் கழிச்சு ஒருநாள் கந்தோர் வாசல்ல நின்னார். தலை முழுக்க நரைச்சிருந்திச்சு, நாப்பது வயசு கூட இல்ல. கையில இந்தியாக் கடிதம், படிச்சுச் சொல்லுங்கன்னு கொடுத்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துல வேலையாம், அங்கேயும் மழைதான், அட்டைதான். கடைசிப் பிள்ளை போன பஞ்சத்துல செத்துப் போச்சாம். ராக்கம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்காங்க. கடைசியில இப்படி இருந்திச்சு: அண்ணே, கற்பூரம் அணைச்சுட்டு மாறினா அது பிள்ளைகளைத்தான் பிடிக்கும். அந்தத் தொரையும் பிள்ளைகுட்டிக்காரர்தானே. நமக்குச் செஞ்சது இருக்கட்டும், அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சு. அதுங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணி கூடக் குடிக்காம முனியாண்டிக்கு விரதம் இருக்கேன். தொரை பிள்ளைங்க சுகமான்னு விசாரிச்சு எழுது.

படிச்சு முடிச்சுக் கடிதத்தை மடிச்சேன். அவர் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

"என்னன்னு பதில் எழுத, அண்ணே. உண்மையை எழுதிடுவோமா"ன்னேன்.

"இப்பப் போயா"ன்னார். "பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கிறா. அது அண்ணன் புத்தியில்லாம பண்ணின காரியத்தாலன்னு எழுதவா." அப்புறம், "தொரையும் பிள்ளைங்களும் நல்ல சுகமா இருக்காங்கன்னு எழுதுங்க. அப்பவாவது வெள்ளிக்கிழமை ஒரு வாய் சோறு தின்னட்டும்"ன்னார். அப்படியே எழுதினேன். காலியில அந்த சேருக்குப் பிள்ளைங்க இருந்தாங்களா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது.

ஒரு மாசத்துல பதில் வந்திடுச்சு. லெட்சுமணன் மடிப்பைக் கூடப் பிரிக்காம என் கையில கொடுத்தார். நாலே வரி. பிள்ளைங்க சுகமா இருக்குதுங்கன்னு கேட்டு மனசு குளிர்ந்து போச்சு அண்ணே, அப்ப நான் இருக்கிற விரதம் வேலை செய்யுது, உசுரு இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்.